நடுத்தொட்டி

அந்த வண்ண மீன் கடையில் வேலை பார்த்தவர்கள் இரண்டே பேர். புருஷன், பெண்டாட்டி. இரண்டு பேருக்கும் நடுவே பேச்சுவார்த்தை கிடையாது. புதிதாக வருகிறவர்களுக்கு இது உடனே பிடிபடாது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர் திடீரென்று கப்பி மீன்களைப் பார்த்து, "பெரிய வலை எங்க போச்சோ தெரியல" என்பார். வலது பக்கத்திலிருந்து அவர் மனைவி தங்கமீன்களிடம், "மாட்டின எடத்துல இருக்கும், கண்ணுதான் வேணும்" என்பாள். வந்தவர்கள் மீனோடு பேசுகிற மனிதர்கள் என்று மெச்சிக்கொண்டு போவார்கள்.

பக்கத்துக் கடைக் கண்ணாடிக்காரருக்கு மட்டும் விஷயம் தெரியும். தொட்டிகளுக்குக் கண்ணாடி அறுத்து ஒட்டிக் கொடுப்பவர் அவர்தான். டீ குடிக்க வந்தால் அவர் தலையில் தபால் வேலை விழும்.

"கரண்டு பில்லு கட்டியாச்சான்னு கேளுங்க."

"கட்டியாச்சாம்மா?"

"நேத்தே கட்டியாச்சுன்னு சொல்லுங்க."

"கட்டிட்டாங்களாம்பா. ஏம்பா, ரெண்டு பேருக்கும் நடுவுல கையளவு இடம்கூட இல்ல. என் தொண்டத் தண்ணிய ஏன் வத்த வெக்கறீங்க?"

கடைக்காரர் டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு இடது வரிசைக்குப் போய்விடுவார்.

இடது வரிசை அவருடையது. வலது வரிசை அவளுடையது. யாரும் உட்கார்ந்து பிரித்துக்கொண்டதல்ல, பேச்சு நின்றதும் தானாகப் பிரிந்துகொண்டது. கடை நீளமான ஒடுங்கிய கடை. இரண்டு சுவரிலும் அடுக்கடுக்காகத் தொட்டிகள், நடுவே ஓர் ஆள் போகிற வழி, காலடியில் எப்போதும் ஈரமான சிமெண்டுத் தரை. காற்று மோட்டாரின் உறுமலில் பழகிப்போன காதுக்கு அது நின்றால்தான் சத்தம் கேட்கும். வாடிக்கையாளர்கள் அவளை மீனக்கா என்றார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை அவளே மறந்து பல காலம் ஆகிறது.

கடைசிச் சுவரில், இரண்டு வரிசைக்கும் நடுவே, ஒரு பெரிய தொட்டி தனியாக நின்றது. அது மகளுடையது. தட்டுப் போல வட்டமாக, தட்டையாக இருக்கும் டிஸ்கஸ் மீன்கள் அதில் இருந்தன. ஒரு ஜோடியை வாங்கி வந்து, முட்டை போட வைத்து, குஞ்சுகளைக் கண்ணும் கருத்துமாக வளர்த்து ஆளாக்கியவள் அவள். டிஸ்கஸ் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழவழப்பைத்தான் கொத்தித் தின்னும். அப்படித் தின்னும்போது தொட்டிக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்து, கடைக்கு வருகிறவர்களை எல்லாம் "சத்தம் போடாதீங்க" என்று அதட்டியவள்.

அந்த மகள், மொத்த வியாபாரியிடமிருந்து மீன் பைகளைக் கொண்டுவந்து இறக்கும் வண்டிக்காரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். வண்டிக்காரன் நல்லவன்தான். கடைக்காரரே அவனை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதனால்தான் அவருக்கு அதிகம் வலித்தது. அதைவிட வலித்தது, பெண்டாட்டிக்கு முன்பே எல்லாம் தெரியும் என்பது.

அன்றைக்கு அவர் இரண்டு வார்த்தை சொன்னார். முதலாவது, "அவ தொட்டிய யாரும் தொடக்கூடாது. தானா சாகட்டும்." இரண்டாவது, "நீ அங்க போறதா இருந்தா அப்படியே போயிடு. திரும்பி வர ஒரு வீடு இருக்குன்னு நினைக்காத."

அதற்குப் பிறகு மீனக்காவிடம் அவர் நேராகப் பேசியதில்லை. அவளும் பேசவில்லை. தப்பு தன்மேலும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள அவர் ஒரு வாசல் திறக்கவேண்டாமா என்பது அவள் வாதம். வாசல் திறக்கவில்லை. கோடை போய், மழை வரும்போல் வந்து வராமல் புழுங்கிக்கொண்டிருந்த காலம் வந்துவிட்டது.

இதற்குள் மகளுக்கு நிறைமாதம் ஆகியிருந்தது. கடைக்காரருக்கு அது தெரியாது. மகள் மாடியில் ஒரு ஒற்றை அறையில் இருந்தாள், வண்டிக்காரன் லோடு ஏற்றிக்கொண்டு போனால் வர இரண்டு மூன்று நாளாகும். பிரசவ நேரத்தில் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். பஸ் ஏறிப் போய்விட மீனக்காவுக்குக் கால் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமல் போனால், போன இடத்திலிருந்து திரும்பி எந்த வீட்டுக்கு வருவது? மகளும் வேண்டும், இந்த முசுட்டு மனுஷனும் வேண்டும். இரண்டில் ஒன்று என்று அவளால் நினைக்க முடியவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் நடுத்தொட்டி மீன்கள் உரசத் தொடங்கின.

மத்தியானம் கடைக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். சாப்பிட்டு ஒரு கண் அசந்து விட்டுத்தான் வருவார். அந்த இடைவெளிதான் மீனக்காவுடையது. தொடக்கூடாது என்றால் தொடாமல் இருக்க அவள் என்ன கல்லா? ரப்பர் குழாயை வாயால் ஒரு உறிஞ்சு உறிஞ்சி, அடியில் கிடக்கும் அழுக்கோடு கால்வாசித் தண்ணீரை வாளியில் இறக்குவாள். பீப்பாயில் பிடித்து வைத்து ஆறிய தண்ணீரைக் கோரிக் கோரி ஊற்றுவாள். அளவாகக் கல்லுப்பு. கொஞ்சம் தீனி. பிறகு தரையைத் துடைத்து, வாளியைக் கவிழ்த்து, குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல் தன் வரிசைக்கு வந்துவிடுவாள். இவ்வளவு நாளாக இப்படித்தான் அந்த மீன்கள் உயிரோடு இருந்தன. தானாகச் சாகட்டும் என்று சொன்னவர் அவை சாகாமல் இருப்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பார்ப்பதே இல்லைபோலும் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

முதலில் ஒரு மீன்தான் உரசியது. தொட்டிக்குள் கிடந்த மரக்கட்டையில் சாய்ந்து விலாவைத் தேய்த்துக்கொண்டு விர்ரென்று எழுந்தது. இரண்டு மூன்று நாளில் எல்லாமே உரச ஆரம்பித்தன. தீனியையும் சரியாக எடுக்கவில்லை. போட்டது போட்டபடி அடியில் போய்க் கிடந்தது. நிறம் கறுத்து, துடுப்பை மடக்கிக்கொண்டு, மூலையில் போய் நின்றன.

மீனக்கா இந்தத் தொழிலில் தலைமயிர் நரைத்தவள். டார்ச் அடித்துப் பார்த்தாள். உடம்பில் வெள்ளைப்புள்ளி இல்லை. செவுள் இரண்டும் திறந்து மூடுகின்றன, ஒரு பக்கம் மட்டும் மூடிக்கொண்டிருந்தால் புழு என்று சொல்லலாம். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை கூடியிருக்கிறதா என்று முகர்ந்தாள். ஆனால் அதே பீப்பாய்த் தண்ணீர்தான் அவள் வரிசைக்கும் போகிறது, அங்கே ஒன்றும் உரசவில்லை. மரக்கட்டையை வெளியே எடுத்துக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். மீன்கள் கண்ணாடியில் உரசின.

தெரியாததற்கு எதற்கும் இருக்கட்டும் என்று உப்பை இன்னும் ஒரு பிடி கூட்டினாள். புழு மருந்தும் அளந்து விட்டாள். உரசல் கூடியது.

தினமும் அந்த மத்தியான நேரத்தில்தான் மகள் போன் செய்வாள். "மீனு எப்படிம்மா இருக்கு?" என்பாள். "நல்லா இருக்கு" என்பாள் மீனக்கா. "நீ எப்படி இருக்க?" என்பாள். "நல்லா இருக்கேன்" என்பாள் மகள். இரண்டும் பொய் என்று இரண்டு பேருக்கும் கொஞ்சம் தெரியும். அன்றைக்கு மீனக்காவால் முடியவில்லை.

"நல்லா இல்லடி. உரசுது."

மகளின் குரல் மாறியது. வயிற்றுச் சுமை, கால் வீக்கம் எல்லாம் மறந்து கடைக்காரியாகிவிட்டாள்.

"எப்போலேர்ந்து? எல்லாமா, ஒண்ணு ரெண்டா?"

"எல்லாம்தான். ஒரு வாரத்துக்கு மேல ஆகுது."

"புள்ளி?"

"இல்ல."

"செவுளு?"

"ரெண்டும் வேலை செய்யுது. வேகமா அடிக்குது. ஓரமெல்லாம் சிவந்து கெடக்கு."

"புதுசா எதாவது உள்ள விட்டியா? செடி, நத்த?"

"ஒரு புல்லுகூட விடல. உன் அப்பா தொடக்கூடாதுன்னு வெச்சிருக்கற தொட்டில நான் செடி நடறேனாக்கும்."

"தீனி?"

"எடுக்கவே மாட்டேங்குது. வயிறு என்னவோ நெறஞ்சாப்பலதான் இருக்கு. வீக்கமோன்னு பயமா இருக்கு."

மறுமுனையில் மாடிப் பக்கம் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"உப்பு எவ்ளோம்மா போட்ட?"

"எவ்ளோ போடணுமோ அவ்ளோ. ஒரு பிடி கூட்டினேன். அதுகூடத் தாங்காதா? உப்புப் போட எனக்குச் சொல்லித் தரியா?"

"கோச்சுக்காத. ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாரேன்."

"அடி போடி, மருந்து விட்ட தண்ணிய."

"வெச்சுட்டுத் துப்பிடு. எனக்காக."

மீனக்கா விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். வைத்த வேகத்தில் துப்பினாள். உப்புக் கரித்தது. அவள் போட்ட உப்பு அவ்வளவு கரிக்காது. அவளுக்குத் தன் கையளவு தெரியும், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் குறையாது, கூடாது. அந்த நிச்சயத்தால்தான் இத்தனை நாளாக எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் உப்பை மட்டும் சந்தேகப்படவில்லை.

"என்னம்மா?"

"கரிக்குதுடி. எப்படின்னு தெரியல. நான் போடல."

"அம்மா, மீனு உரசுதுன்னு வர்றவங்ககிட்ட நீ முதல்ல என்ன கேப்ப?"

"வீட்டுல யார் யாரு கை வெக்கறீங்கன்னு கேப்பேன். அம்மாக்காரி ஒருதரம், அப்பன்காரன் ஒருதரம்னு…"

சொல்லிக்கொண்டே வந்தவள் வாய் அப்படியே நின்றது.

"காலைல கடைய யாரும்மா தெறக்கறாங்க?" என்றாள் மகள்.

"அவருதான். நான் வீட்டு வேலைய முடிச்சுட்டு வர்றதுக்குள்ள…"

பிறகு மகள் அழுகிற சத்தம் கேட்டது. அடக்கி அடக்கி, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள்.

"தொட மாட்டேன்னு சொன்னாரேம்மா."

"சொன்னாரு."

"தானா சாகட்டும்னு சொன்னாரே."

"சொன்னவரு என்னத்தக் கடைப்பிடிச்சாரு? அழாதடி, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது."

மகள் தேற்றிக்கொண்டு, அவர் கொஞ்ச நாளாகத்தான் கை வைத்திருக்கவேண்டும், அதிலிருந்து தண்ணீர் இரண்டு தடவை மாறி, உப்பு இரண்டு தடவை விழுந்து, மருந்தும் இரட்டையாகப் போய் மீன் தோல் வெந்துபோயிருக்கும் என்றாள். வயிறு நிறைந்து கிடந்ததும் அதனால்தான், காலையிலேயே அவர் தீனி போட்டிருக்கிறார். கடைசியாக, "நீ கைய எடுத்துடும்மா. அவரே பாத்துக்கட்டும். நமக்குத் தெரியும்னு காட்டிக்காத, வெக்கப்பட்டு விட்டுடுவாரு" என்றாள்.

போனை வைத்துவிட்டு மீனக்கா பலகையில் உட்கார்ந்தாள். சந்தோஷப்படவேண்டிய விஷயம்தான், சந்தோஷமும் வந்தது. கூடவே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. மீனுக்கு உப்புப் போட முடிகிற மனுஷனுக்கு மகளுக்கு ஒரு போன் போட முடியவில்லையா? கூடவே நிற்கிறவளிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையா? அன்றைக்கு அவர் சாப்பிட்டுத் திரும்பி வந்தபோது அவர் கைகளையே பார்த்தாள். விரல் இடுக்குகளில் உப்புப் பட்டுப் பட்டுத் தோல் வெடித்திருந்தது. இவ்வளவு நாள் அதைப் பார்க்கவே இல்லையே என்று இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் நடுத்தொட்டிப் பக்கம் போகவில்லை. கை பரபரத்தது. கையைக் கட்டிக்கொண்டு தங்கமீன் தொட்டிகளை இரண்டு தரம் துடைத்தாள். தண்ணீர் ஒருநாள் மங்கலாகத் தெரிந்தது. காலையில் அவர் மாற்றிவிடுவார் என்று விட்டாள். அடுத்த நாள் பால் கலந்ததுபோல் இருந்தது. இரட்டை மருந்தில், அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிவாக வைத்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத நல்ல பூச்சிகளும் செத்திருக்கும், வடிகட்டியில் இருக்கும் ஸ்பாஞ்சைப் பிழிந்துவிட்டுப் பாதித் தண்ணீரை இறக்கினால் சரியாகும், அவருக்குத் தெரியாததா என்று விட்டாள். மகள் போனில் கேட்டபோது, "அவரு பாத்துக்கறாரு, இப்ப பரவாயில்ல" என்று சொன்னாள். பழைய பொய் திரும்பவும் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மழை கடைசியில் வந்தது. தெருவில் தண்ணீர் ஓடியது, கண்ணாடிக்காரர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு டீக்கு வந்தார். நடுத்தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அங்க ஒண்ணு மல்லாந்து கெடக்கே" என்றார்.

மீனக்கா பார்த்தாள். குஞ்சிலிருந்து வளர்ந்த மீன்களில் ஒன்று. மற்றவை மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. கடைக்காரர் இடது வரிசையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் எடுப்பார் என்று காத்திருந்தாள். எடுக்கவில்லை. இரவு வீட்டில் அவர் தட்டில் சோறு போடும்போது, எடுக்காமலா விடுவார், காலையில் முதல் வேலையாக எடுப்பார் என்று மனசைத் தேற்றினாள். மறுநாள் அவள் கடைக்கு வந்தபோது அந்த மீன் அப்படியே மிதந்தது. பக்கத்தில் இன்னொன்றும் மிதந்தது.

ஆக, நிஜமாகவே கைவிட்டுவிட்டார். எப்படியோ அவருக்குத் தெரிந்துபோயிருக்கிறது, பெண்டாட்டி தன் இளகிய இடத்தைப் பார்த்துவிட்டாள் என்று வீம்புக்கு நிறுத்திவிட்டார். மீனே போனால் போகட்டும் என்று விடுகிறவர் மகளுக்கு எங்கே இறங்கப்போகிறார்? இனி இவரிடம் எதற்கும் காத்திருக்கவேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் வந்ததும் பயமெல்லாம் போய்விட்டது.

"இந்தாங்க" என்றாள்.

கடைக்காரர் திரும்பவில்லை. எந்த மீனிடமோ பேசுகிறாள் என்று நினைத்திருப்பார்.

"உங்களத்தான். மீன இல்ல. உங்கள."

அவர் திரும்பினார். கையிலிருந்த தீனி டப்பா அந்தரத்தில் நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"எத?"

"எதுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். காலைல வந்து தண்ணி மாத்தினீங்க. உப்புப் போட்டீங்க. மருந்து விட்டீங்க. இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

அவர் முகம் சிவந்தது. இல்லை என்றுதான் சொல்லப்போகிறார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"போட்டேன்" என்றார்.

"அப்புறம் ஏன் விட்டீங்க? ரெண்டு உசுரு போயிடுச்சு. என்ன கல்லு நெஞ்சு உங்களுக்கு? என்மேல கோவம்னா என்னை ரெண்டு அடி அடிச்சுட்டுப் போங்களேன். வாயில்லா ஜீவன் என்ன பண்ணிச்சு?"

"நீ பாக்கறேன்னு விட்டேன்."

"நானா?"

"மருந்து பாட்டில் நான் விட்டதுக்கு மேல எறங்கியிருந்துச்சு. சாப்புட்டு வந்தா வாளி அடியில ஈரம். சரின்னு தண்ணிய நாக்குல வெச்சேன். கடல் தண்ணி மாதிரி இருந்துச்சு. அப்பதான் வெளங்கிச்சு." அவர் டப்பாவைக் கீழே வைத்தார். "பெத்தவ பாத்துக்கறா, நம்ம எதுக்கு நடுவுல, ரெண்டு பேரு கை வெச்சா மீனு செத்துடும்னு ஒதுங்கிட்டேன்."

"எப்போ?"

"போன வாரம்."

மீனக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"நானும் போன வாரம்தான் விட்டேன். நீங்க பாக்கறீங்கன்னு."

அவர் அவளையே பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளா யாருமே பாக்கலயா?"

ஊருக்கெல்லாம் மீன் வைத்தியம் சொல்லும் இரண்டு பேர், ஒரே தொட்டிக்கு முதலில் இரண்டு பேராக மருந்து போட்டு வேகவைத்தார்கள், பிறகு இரண்டு பேராக விட்டுக்கொடுத்துப் பட்டினி போட்டார்கள். சிரிக்கவேண்டிய விஷயம். அவளுக்கு அழுகைதான் வந்தது.

கடைக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "குழாய எடு" என்றார்.

அவள் எடுத்துக் கொடுத்தாள். செத்த மீன்களை அவர் வலையில் ஏந்தி வெளியே எடுத்தார், தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு தாளில் வைத்து மூடினார். அவள் ஸ்பாஞ்சை எடுத்துத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தாள், சேறாக வந்தது. அவர் குழாயைப் பிடித்தார், அவள் வாளியைப் பிடித்தாள். நிறைந்த வாளியை அவள் இழுத்தால் அவர் காலால் அடுத்த வாளியைத் தள்ளினார். இந்த வேலையில் இரண்டு பேருக்கும் பேச்சு தேவைப்பட்டதே இல்லை. ஒரேயடியாகப் புதுத் தண்ணீரை ஊற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே மிச்சமும் போய்விடும். மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். அது மத்தியானம் வரை இழுக்கும் வேலை. வாடிக்கையாளர் யாரும் மழையில் வரவில்லை. கண்ணாடிக்காரர் வாசலில் எட்டிப் பார்த்தார், இரண்டு பேரும் ஒரே தொட்டிக்குள் கையை விட்டு நிற்பதைக் கண்டு டீ கேட்காமலே திரும்பிப் போனார்.

நேரம் போனது. அவர் சாப்பிடப் போகவில்லை.

"அவ முழுகாம இருக்கா" என்றாள் மீனக்கா, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "மாசம் நெறஞ்சாச்சு. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா."

அவர் கையிலிருந்த குழாய் நழுவியது. தரையெல்லாம் தண்ணீர் ஓடியது. அவள் குனிந்து குழாயை எடுத்து மடக்கிப் பிடித்தாள்.

"கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அவன் வண்டி எடுத்தா வர ரெண்டு மூணு நாளாகுது."

"ஏன் சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது? கப்பிகிட்டயா?"

"கப்பிகிட்டயாவது சொல்லியிருக்கலாம். எனக்குக் கேட்டிருக்கும்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கிண்டலாகச் சொன்னவர் முகம் கிண்டலாக இல்லை. உதடு கோணிக்கொண்டிருந்தது.

"நான் போகணும்" என்றாள். "நீங்க சொல்லாமலும் போவேன். ஆனா சொல்லிட்டுப் போகணும்னு இத்தன நாளா கெடந்தேன். நான் பண்ணது தப்புதான். உங்ககிட்ட மறைச்சது தப்பு. அதுக்காக அவ தனியா கெடந்து துடிக்கணுமா?"

அவர் மேலே வந்து மூச்சு வாங்கும் மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது போன் அடித்தது.

மீனக்காவின் இரண்டு கையும் சேறு. முழங்கையால் போனைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டுப் பலகைமேல் வைத்தாள். மகளின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"அம்மா, மீனு எப்படி இருக்கு?"

நல்லா இருக்கு என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.

"நல்லா இல்ல" என்றார் கடைக்காரர்.

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வேகமான மூச்சு.

"ரெண்டு போயிடுச்சு" என்றார் அவர். "ஜோடி இருக்கு. குஞ்சுல நாலு இருக்கு. தண்ணி கெட்டுப்போச்சு, உப்பும் ஜாஸ்தி. நானும் உங்கம்மாவும் சேந்து பண்ண வேலை."

"எவ்ளோ தண்ணி எடுத்தீங்கப்பா?" என்றாள் மகள். குரல் உடைந்துபோயிருந்தது, கேள்வி மட்டும் சரியாக வந்தது.

"மூணுல ஒரு பங்கு. சொட்டுத் தண்ணில நெரப்பறோம்."

"மருந்து எதுவும் விட்டுடாதீங்க."

"விடல."

"தீனியும் இப்ப வேணாம்."

"தெரியும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

"தண்ணி எடுத்துட்டு மாடி ஏறினேன்பா. படி ஏறினா வாங்குது."

"ஏறாத."

"தண்ணி கீழதான வருது."

"அம்மா நாளைக்கு வந்துடுவா. அது வரைக்கும் ஏறாத."

மீனக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், சேறு முகத்தில் அப்பியது. அவர் சொல்லிவிட்டார். அவள் எதிர்பார்த்துக் கிடந்த வார்த்தை அதுதான். வந்தபிறகு, அது போதாதுபோல் இருந்தது. நீங்களும் வாங்களேன் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, கேட்டால் இதுவும் கெட்டுவிடுமோ என்று விழுங்கினாள். கேட்டது மகள்தான், அதுவும் சுற்றி வளைத்து.

"என் மீன எனக்குப் பை கட்டி எடுத்துட்டு வருவீங்களாப்பா?"

"இந்த நிலமைல கட்டினா வழியிலயே செத்துடும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். தேறட்டும். தேறினதும் கட்டுங்க."

"தேற நாளாகும்."

"ஆகட்டும்பா. நான் எங்க போகப்போறேன்?"

அவர் குனிந்து சொட்டுக் குழாயின் முடிச்சைத் தளர்த்தினார், திரும்ப இறுக்கினார். பெரிய மீன் ஒன்று மேலே வந்து வாயைத் திறந்தது.

"கட்டி எடுத்துட்டு வரேன்" என்றார்.

மகள் அழுதாளா சிரித்தாளா என்று போனில் தெரியவில்லை. பிறகு அவளே பயந்தவள்போல மெதுவாகக் கேட்டாள்.

"ஒருவேள தேறலன்னா?"

மீனக்கா அவரைப் பார்த்தாள். அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டார்.

"தேறலன்னா வெறுங்கையோட வரேன்" என்றார்.